என் ஆய்வுத் திட்டமும் பூங்காவனம் அத்தையின் அறுபதும்

போன வாரம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மாணவி தன் ப்ராஜெக்ட்டை ஸ்பைரல் போடக் கொடுத்துவிட்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல் தவித்துக்கொண்டிருந்தாள். சூடு ஆறாத தாளின் வாசனை என்னை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில் இறக்கிவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் கல்லூரியில் 'தனி ஆய்வு' என்றதும், உலகமே என் முடிவுகளுக்குக் காத்திருப்பதாக நம்பிவிட்டேன். தலைப்பு, செராமிக் தொழிலாளர்களிடையே நலவாரியச் சேவைகள் குறித்த விழிப்புணர்வு. பெரிய தேடலெல்லாம் இல்லை. அம்மா வேலை பார்த்தது செராமிக் கம்பெனியில். பஸ் ஏற வேண்டாம்.

கேள்வித்தாளுக்கு மட்டும் ஒரு மாதம். "தங்களது பணிசார் சுகாதார இடர்கள் குறித்துத் தங்களின் மனப்பாங்கு யாது?" எழுதிவிட்டு நானே கொஞ்ச நேரம் ரசித்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அர்ச்சன பண்றியாடா?" என்றாள்.

முன்னோட்டம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரை வரச் சொன்னேன். பதினேழு பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ. எங்கள் பக்கம் அச்சடித்த தாளோடு ஒருவன் பேர், வயசு கேட்டால் ஏதோ கார்டு வரப்போகிறது என்று அர்த்தம். சும்மா தெரிந்துகொள்வதற்காகவும் ஒருவன் கேட்பான் என்று யாருக்குத் தெரியும்? அம்மாவே "எம் புள்ள பேரு எழுதறான்" என்று கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

முதல் ஆளாக நின்றது அம்மாவோடு வேலை பார்த்த பூங்காவனம் அத்தை. காய்ந்த பீங்கான் பொம்மைகளுக்கு உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து, அந்தத் தூசியில் நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கும்.

"மருமவனே, ஆனி முடிஞ்சா எனக்கு அறுபது. அப்புறம் வாரியத்துல சேக்க மாட்டாங்களாம், பென்ஷனும் கெடையாதாம். மொதல்ல என் பேர எழுது."

"அத்தை, இது ஆய்வு."

"என்னமோ ஒண்ணு. எழுது."

விண்ணப்பம் போட ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் நான் ஒழுங்கானவன். என் கைடிடம் அனுமதி கேட்டேன்.

"தம்பி, நீ ஆய்வாளன். நடுவுல பூந்து அந்தம்மாவ சேத்துவுட்டா டேட்டா கெட்டுடும். ஆய்வு முடியட்டும்" என்றார்.

சமூகப்பணி படிக்கும்போது தவறிக்கூடப் பணி செய்துவிடக் கூடாது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

நோக்கங்களை மூன்று தடவை மாற்றச் சொன்னார்கள். கருதுகோள் இரண்டு தடவை திரும்பி வந்தது. அத்தை வழியில் பார்த்தால் விடமாட்டார்.

"இன்னுமா திட்டம் போடற? எம் பொண்ணு கல்யாணத்துக்கே நாங்க இவ்ளோ திட்டம் போடலியே!"

நானும் சிரிப்பேன். சித்திரை போனது. வைகாசி போனது. ஆனியும் போனது.

ஆய்வேட்டை ஒப்படைத்து, மார்க்கும் வந்த கையோடு அத்தையின் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வாரிய ஆபீசுக்கு ஓடினேன். வயதைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வுடு. ஒனக்கு மார்க்கு வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை. கிளாஸ்லயே நான்தான் மொதல்."

"அப்ப சரி. வூட்டுக்குப் போயி சாப்புடு."

திட்டியிருந்தால் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

இன்று அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அத்தை, வேப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர், போன மாசியில் அங்கேயே மூச்சு முட்டிச் செத்துப்போனார். என் ஆய்வேட்டில் மட்டும் இன்னும் இருக்கிறார், நான்காம் அட்டவணையில், 'பதிவு செய்யாதோர்' என்ற கட்டத்துக்குள் ஒருவராக. பெயர் கிடையாது. பெயரை வெளியிட்டால் பங்கேற்பாளருக்குத் தீங்கு வந்துவிடுமாம். அது ஆய்வு அறம். அதை நான் ஒரு குறையும் இல்லாமல் கடைப்பிடித்தேன்.