காலியாக இல்லாத வீடு

போன வாரம் விழுப்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் 'ஆபீசுக்கு இடம் வாடகைக்கு' என்ற பலகையைப் பார்த்தேன். இரண்டடி பின்வாங்கிவிட்டேன். பலகைக்குக்கூடப் பயப்படுவானா ஒருவன் என்று நீங்கள் சிரிக்கலாம். புதுச் சுண்ணாம்பு வாசனை வேறு வந்ததா, யுத்த காலம் வந்து எதிரே நின்றுவிட்டது.

அப்போது நான் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். பட்டணத்தில் குண்டு விழும் என்று முதலாளி ஆபீசை விழுப்புரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் திண்டிவனத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். வாடகைக்குப் பிடித்தது பக்கத்துக் காணை ஊர்க்காரர் கோவிந்தசாமியின் வீட்டை. மகள் கல்யாணமாகி வந்து குடியிருக்க அவர் கட்டியது; சமையலறையில் புது அடுப்புகூடப் போட்டுவைத்திருந்தார். சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை.

பயம் தணிந்ததும் முதலாளி பட்டணம் திரும்பினார். டைப் மெஷினை அனுப்பிவைக்க நான் மட்டும் பாக்கி. அப்போதெல்லாம் காலி வீடுகளைச் சர்க்காரில் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தசாமி ஓடிவந்தார்.

"காலின்னு தெரிஞ்சா எழுதிக்கினு போயிடுவாங்க தம்பி. இந்த வூட்டப் பாத்துதான் மாப்ள வூட்ல சரின்னாங்க. கல்யாணம் வரைக்கும் டைப் அடிச்சிக்கினே இருங்க."

வெறும் கூடத்தில் 'டியர் சார்', 'டியர் சார்' என்று தாள் தாளாக அடித்தேன். பல்லி கத்தினாலே எழுந்து நிற்கிற ஆள் நான். ரோட்டில் ஜீப் உறுமினால் விரல் வேறு எழுத்தில் விழும். கோவிந்தசாமி, ஒரு பையில் சாம்பிள் மல்லாட்டை கொண்டுவந்த வியாபாரிபோல பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பயத்தில் இருவரும் கொறித்துக் கொறித்து, சாயங்காலத்துக்குள் பை காலியாகிவிடும்.

ஒருநாள் காலை ஜீப் வாசலிலேயே நின்றது. ஒரு ராணுவக்காரரும் தாலுக்கா அதிகாரியும் இறங்கி வந்தார்கள்.

"யாரு குடியிருக்காங்க?" என்றார் தாலுக்கா அதிகாரி.

"குடித்தனம் இல்லீங்க. ஆபீஸு" என்றேன்.

அவர் ஜன்னல்களைத் திறந்து பார்த்தார். "குடித்தனம்னா விட்டுட்டுப் போயிருப்போம். எங்களுக்கு வேண்டியதே ஆபீசுக்கு எடந்தான். இது நல்லா வெளிச்சமா இருக்கு."

கோவிந்தசாமி என் பக்கம் திரும்பினார். "போதும் தம்பி, நிறுத்துங்க" என்றார். அதுவரை நான் அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்து வீடு அவர் கைக்குத் திரும்பி வந்தது. அந்த மாப்பிள்ளை வரவில்லை. வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். பிறகு வக்கீல் ஆபீஸ், கோஆப்பரேடிவ் ஆபீஸ் என்று யார் யாரோ இருந்தார்கள். இப்போது அதை இடித்துத்தான் நான் பார்த்த அந்த நாலு மாடியை எழுப்பியிருக்கிறார்கள். கோவிந்தசாமி பயந்தமாதிரி வீடு ஒருநாளும் காலியாகக் கிடக்கவில்லை. ஆனால் அவர் மகளுக்கென்று போட்ட அந்த அடுப்பை, இடிக்கும்வரை யாரும் பற்றவைக்கவே இல்லை.