ரிஸ்மியைத் தோற்கடித்த சோதனை

இன்று காலை என் திரையில் மறுபடியும் அந்தச் சிவப்பு வரிகள். பிறர் எழுதி நான் இரவல் வாங்கிய இரண்டு நிரல் லைப்ரரிகளுக்கும் பொதுவாக மூன்றாவது ஒன்று வேண்டுமாம். ஒன்று பழைய வேர்ஷனைக் கேட்கிறது, மற்றது புதியதைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறது. இதைப் பார்த்தாலே எனக்கு ரிஸ்மியின் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அவனை எனக்குப் பிடிக்காது.

தில்லையடியில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஒற்றை அறை அலுவலகம். பாண் வேகும் வாசம் ஏறி வந்தால் எனக்கு வேலை ஓடாது. உச்சமுனைத் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு, காற்றுக்கு நின்றுவிட்டதா என்று போனில் கேட்டால் பதில் தரும் ஒரு சேவையை நாங்கள் இருவரும் எழுத வேண்டியிருந்தது. நிரலுக்கு ஆயத்தச் சட்டகமாக அவன் ஒரு பிரேம்வேர்க்கைப் பிடித்துக்கொண்டான், நான் வேறொன்றை. யாருடையது வேகமோ அவர்தான் இனிப் பொறுப்பு, மற்றவர் அவருக்குக் கீழே என்று முதலாளி சொல்லிவிட்டார். ரிஸ்மி என்னைவிட நான்கு வயது இளையவன், அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிடுகிறவன். அவனுக்குக் கீழே நான் கதிரை போட்டு உட்காருவதா?

சோதனையை நடத்தியவன் நான். என்னுடையதை ஒழுங்காக ஓட்டினேன். அவனுடையதை டிபக் நிலையிலேயே விட்டேன். அதாவது ஒவ்வோர் அடிக்கும் நின்று குறிப்பெழுதிக்கொண்டே ஓடச் சொன்னேன். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? முதலாளி தாளைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். ரிஸ்மி தாளை ஒரு தரம் வாசித்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

சேவை தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, படகுக்காரருக்குச் செய்தி அனுப்பும் லைப்ரரியைச் சேர்த்தேன். இதே வேர்ஷன் சண்டையில் எல்லாம் விழுந்தது. வேர்ஷனைக் கூட்டினேன், குறைத்தேன், அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். நாளைக்கு ஓடாவிட்டால் என் கதை முடிந்தது.

ரிஸ்மி எழுந்து வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொன்னான். செய்தி அனுப்பும் பகுதியைத் தனிச் சேவையாகப் பிரித்து, அது கேட்ட வேர்ஷனை அதற்கு மட்டும் கொடுத்தான். பகல் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் ஓடியது.

"எண்டத டிபக்கிலயே ஓட விட்டீங்க நானா. எனக்கு அண்டைக்கே தெரியும்."

ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க இங்க ஈக்க ஏலா."

என் வேலை போய்விடுமாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இரக்கப்பட்டான், பாவி. அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த மாதமே அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். சுகமா நானா என்று ஆறேழு தடவை செய்தி அனுப்பினான். நான் பதில் போடவில்லை.

இப்போது அந்த அறையில் தையல் கடை. நான் வெல்ல வைத்த பிரேம்வேர்க்கை எழுதியவர்களே கைவிட்டுவிட்டார்கள். அவன் பிடித்துக்கொண்டதைத்தான் ஊரெல்லாம் பாவிக்கிறது, வெட்கமில்லாமல் நானும்தான். போன மாதம் ஒரு நாள், நான் செய்தது பிழை என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அனுப்ப அவன் எண் இல்லை. அதை எப்போதோ நான்தான் அழித்தேன்.