நாற்பது இடக்கைகள்

பத்து வருடத்தில் ஐந்து தையல்கூடங்கள் மாறியவள் அவள். இது ஆறாவது. துணி வெட்டுவதில் அவள் கைக்கு நிகர் கிடையாது; வாய்க்கும் கிடையாது. முந்தைய ஐந்து இடங்களிலும் யாரோ எதற்கோ அவளைக் கூப்பிடாமல் விட்டுவிட்டுப் போனார்கள், அவள் ஊரைக் கூட்டினாள், வெளியே வந்தாள்.

"வேலை போனா போகட்டும்டி. எங்க போனாலும் தனியா உக்காந்து சாப்பிடறியே, அதான் மனசு கேக்கல" என்பாள் அவள் அக்கா.

இங்கே அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்து இரண்டு மாதமாகிறது. வெளியில் முறைத்தாலும் உள்ளூரச் சந்தோஷம்தான். பட்டப்பெயர் வைத்தால் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

அன்று மதியம் தைக்கும் பெண்கள் ஐந்து பேரும் சாப்பாட்டு டப்பாக்களோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். கீழே மிஞ்சியது இவளும் பொத்தான் தைக்கும் பெண்ணும்.

"உன்னையும் கூப்பிடல, என்னையும் கூப்பிடல. உனக்கு எரியலயா?"

"மறந்திருப்பாங்க. வா, நாமளே போலாம்."

"கூப்பிடாத எடத்துக்குப் போக நான் என்ன ஈயா?"

பொத்தான்காரி சிரித்துவிட்டுப் படியேறினாள். சற்று நேரத்தில் மேலேயிருந்து வந்த சிரிப்பில் அவள் குரலும் கலந்திருந்தது.

மிளகாய் டப்பாவைத் திறக்கவில்லை. வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டாள். பூப்போட்ட துணி, இருபது அடுக்கு. சட்டைக் கைக்கான அட்டையை வைத்து வெட்டினால் இடக்கை. அதையே புரட்டி வைத்து வெட்டினால் வலக்கை. கை வெட்டிக்கொண்டிருக்க, மனம் மாடியில் நின்று ஒவ்வொருத்தியையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அட்டையைப் புரட்ட மறந்தாள்.

மறுநாள் காலை மூத்த தையல்காரி இரண்டு சட்டைக் கைகளைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏம்மா மிளகா, இதப் போடப் போறவங்களுக்கு ரெண்டுமே இடக்கையா?"

கூடமே சிரித்தது. கேலிதான், பகையில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் தெரிவதற்குள் அவள் வீசிய சாக்கட்டி டப்பா சுவரில் மோதிச் சிதறிவிட்டது.

"நேத்து என்னை விட்டுட்டுப் போனீங்கல்ல? அதான்!"

"போன வாரம் கூப்பிட்டோமே. ஓரத்துல எடம் குடுத்துட்டோம்னு அரை மணி நேரம் கத்தின. கூப்பிட்டாலும் தப்பு, கூப்பிடலன்னாலும் தப்பு. நாங்க என்னதான் பண்றது?"

மிளகாய் வெட்டும் மேசைக்குத் திரும்பினாள். மிச்சத் துணியைத் தேடியெடுத்து வலக்கைகளை வெட்டத் தொடங்கினாள். மதியம் பொத்தான்காரி படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"மிளகா, எல்லாரும் உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வர்றியா?"

வர்றேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று முந்தியது.

"இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

பொத்தான்காரி கொஞ்சம் பார்த்துவிட்டு மேலே போனாள்.

"சே!" என்று மிளகாய் மேசையை ஓங்கிக் குத்தினாள். இந்தமுறை கோபம் தன்மேல்தான். அதைக் கேட்கத்தான் அங்கே யாரும் இல்லை.