பெடல்மேல் ஒரு கால்

எங்கள் சித்தப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷத்தில் ஒரு விபத்துகூட இல்லை என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். தோட்டத்துப் புல் வெட்ட ஒரு பழைய குட்டி டிராக்டர் வாங்கினார். அதில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே பெடல். பாதி மிதித்தால் கிளட்ச், முழுக்க மிதித்தால் பிரேக்.

வாங்கிய நாளிலிருந்து வண்டி மேடு ஏறாது, சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் தீய்ந்து நாறும், பிரேக் தேய்ந்துபோகும். மனுஷன் பெல்ட்டை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், பிரேக் கட்டையை மாற்றினார். விற்றவனைத் திட்டாத நாளில்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

ஒருநாள் சித்தி பொறுக்கமுடியாமல் தானே ஏறி ஓட்டினாள். வண்டி சமர்த்தாக மேடு ஏறியது.

"என்னடி பண்ணின?"

"பெடல்லேருந்து காலை எடுத்தேன். எந்நேரமும் அதுமேலயே வெச்சிருந்தா பெல்ட் தீயாம என்ன செய்யும்?"

"நான் ரிப்பேர் பண்ணின வண்டி. ஓடாம எங்க போகும்?"

இப்போது சித்திதான் புல் வெட்டுகிறாள். அவள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவின் கால் தரையை அழுத்துகிறது. இதுவரை விபத்து ஏதுமில்லை. அந்தப் பெருமையும் அவருக்குத்தானாம்.