வண்டி நிறுத்தக் கோடு போட்ட தெரு

எங்கள் தெருவில் மனிதர்கள் நடக்க இடம் இல்லாமல் போனதற்கு நாங்களேதான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பஞ்சாயத்தைப் பற்றிப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் இந்தத் தெருக்காரர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

வல்லம் வடகால் பக்கம் நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று தெருவில் எல்லோரும் ரூம் கட்டினோம். முதலில் மாடியில் கட்டினோம். பிறகு தோட்டத்தில் கட்டினோம். பிறகு வாசலையும் இழுத்துச் சேர்த்துக் கட்டினோம். ஒவ்வொரு ரூமிலும் பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைக். ஆள் படுக்க இடம் பார்த்துக் கட்டிய நாங்கள் வண்டி நிற்க இடம் பார்க்கவில்லை. அதனால் வண்டிகள் தெருவில் நின்றன. பகல் ஷிப்ட் வண்டி கிளம்பினால் அந்த இடத்தில் நைட் ஷிப்ட் வண்டி வந்து நிற்கும். மாதம் பிறந்தால் வாடகையை வாங்கி வைத்துக்கொண்டு, மற்ற நாளெல்லாம் வண்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை, என் வீட்டுக்காரருக்கு வாதம் வரும் வரைக்கும்.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக் கை ஓரளவு வந்துவிட்டது. கால்தான் இழுத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டர் பெண் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"தினமும் காலையும் சாயங்காலமும் நடக்க வைங்கம்மா. சமதரையா, நீளமா இருக்கணும். விட்டுட்டீங்கன்னா கால் அப்படியே இறுகிடும். அப்புறம் கட்டிலோடதான்."

சமதரையாக, நீளமாக ஓர் இடத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டுக்குள் டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் நடந்தால், கால் பழகுவதற்குள் திரும்ப வேண்டியிருக்கும். திரும்பும்போதுதான் அவர் தடுமாறுவார். சரி என்று ஒரு நாள் காலையில் தெருவில் இறக்கினேன். நாலு எட்டு வைத்ததும் பிடிமானத்துக்கு ஒரு பைக்கின் கண்ணாடியைப் பிடித்தார். அந்த வண்டி பக்கத்து வண்டி மேல் சாய்ந்தது. அது அடுத்ததன் மேல் சாய்ந்தது. தெருக்கோடிக் குழாயடி வரைக்கும் வரிசையாகச் சாய்ந்துகொண்டே போயிற்று. நான் பிடித்துக்கொண்டதால் அவர் மட்டும் விழவில்லை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அதில் ஒரு பையன் அழாத குறையாக, "தாத்தா, வண்டிக்கு இன்னும் ட்யூவே முடியல தாத்தா!" என்றான்.

அன்றோடு இவர் தெருவில் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதிர்வீட்டு அக்காதான் வழி சொன்னாள். என்னைவிட மூத்தவள், யாருக்கும் பயப்படாத வாய்.

"கிராம சபை வருதில்ல, வந்து கேளுமே. வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினுகீற?"

நான் பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிறவள். ஆனாலும் கட்டில் என்ற அந்த வார்த்தை காதிலேயே இருந்தது. போனேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நுழையும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டு டீயும் மிக்சர் பொட்டலமும் கொடுத்தார்கள். பொட்டலம் பிரிக்கும் சத்தத்திலேயே பாதித் தீர்மானங்கள் நிறைவேறிவிட்டன. தலைவர் அம்மா மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மைக் அவருடைய வீட்டுக்காரர் கையில் இருந்தது. "தலைவர் என்ன சொல்றாங்கன்னா" என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தலைவர் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போல் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

தெருச் சாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் தெருவுக்குச் சாலை போட்டு, தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி, மறுபடி போட்டு, கேபிளுக்காகத் தோண்டி மூடியிருந்தார்கள். இந்த முறை போட்டுவிட்டுத் தோண்டுவதா, தோண்டிவிட்டுப் போடுவதா என்று வெகு நேரம் விவாதித்தார்கள். தோண்டிவிட்டுப் போடுவது இதுவரை வழக்கத்தில் இல்லை என்று ஒருவர் சொன்னார். அதைத் தள்ளிவைத்தார்கள்.

பிறகு நல்ல செய்தி. ஒரு கம்பெனி ஊர் நலனுக்கென்று சி.எஸ்.ஆர். பணம் கொடுத்திருக்கிறது, ஏரிக்கரை மேல் நடைபாதை வரப்போகிறது, கல் பதித்து, விளக்கு, கேமரா, ஸ்டீல் பெஞ்சு எல்லாம் வைத்து. கைதட்டல் ஓய்வதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"ஏரி கெடக்கட்டும் சார். எங்க தெருவுல மனுசன் நடக்க எடமில்ல. இவ வூட்டுக்காரர் டெய்லி நடக்கணும்னு டாக்டரு சொல்லிகீறாங்க. ஏய், எழுந்து சொல்லுமே!"

எழுந்தேன். பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இது வரைக்கும் பொது மேடையில் நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

"அம்மா, அதுக்குத்தானே நடைபாதையே! காத்தோட்டமா நடக்கலாம்" என்றார் தலைவரின் வீட்டுக்காரர்.

"ஏரிக்கு எப்டிப் போறதாம்?" என்றாள் அக்கா.

"ஆட்டோல போங்க."

"நடக்கறதுக்கு ஆட்டோவா?"

"டவுன்ல எல்லாம் கார்ல போய்தாம்மா நடக்கறாங்க."

அவர் சொன்னது உண்மைதான் என்பதால் அக்காவும் உட்கார்ந்துவிட்டாள். போனால் போகிறது என்று எங்கள் தெருவுக்கு ஒரு தீர்மானம் போட்டார்கள். மஞ்சள் கோடு போட்டு, ஒரு பக்கம் வண்டிக்கு, ஒரு பக்கம் ஆளுக்கு. எந்தப் பக்கம் வண்டிக்கு என்று கேட்டார்கள். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மேற்கு என்றார்கள். மேற்குப் பக்கத்தார் கிழக்கு என்றார்கள். ஓவர்சீயர் வந்து முடிவு பண்ணுவார் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

தெருக்கோடு வருவதற்கு முன்னால் ஏரி நடைபாதை வந்துவிட்டது. ஒரு நாள் வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். போய் இறங்கப் பார்த்தால், கரை மேல் ஏறுவதற்குப் படிக்கட்டு. கைப்பிடி இல்லாத, முழங்கால் உயரப் படிகள். கரையின் மறுகோடியில், கல் கொண்டுவந்த வண்டிகளுக்காகப் போட்ட சரிவு ஒன்று இருந்தது. அதில் பைக் ஏறும், இவர் ஏற மாட்டார். மேலே நடைபாதை பளபளவென்று காலியாகக் கிடந்தது. ஷிப்ட் முழுக்க லைனில் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் யார் அங்கே நடக்க வருவார்கள்? கம்பெனி ஆபீசர்கள் இரண்டு பேர் மட்டும் காரில் வந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் ஆட்டோவுக்குள் இருந்தபடியே அதைப் பார்த்தார். ஆட்டோக்காரத் தம்பிக்கு மனசு கேட்கவில்லை.

"பெரியவரே, இம்மாந் தூரம் வந்தது வேஸ்ட்டா பூடும். உங்களுக்கோசரம் நான் வேணா ஒரு ரவுண்டு நடந்துட்டு வரட்டா?"

இவர் சிரிக்கவில்லை. வீட்டில் கட்டிலில் உட்கார வைத்த பிறகு, "என்னைய உட்டுடு. இப்டியே இருந்துட்டுப் போறேன்" என்றார். காலைத் தொட்டுப் பார்த்தேன். முன்பைவிட இறுகியிருந்தது போல இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதோ, நிஜமாகவே இறுகியிருந்ததோ.

மார்கழி பிறந்தது. எனக்குக் கண் மங்கல், புள்ளி வைத்தால் வரிசை தப்பும். அக்காவுக்குக் கை நடுக்கம், இழை இழுத்தால் கோணும். அதனால் மார்கழியில் அக்கா விடியற்காலையில் வந்து புள்ளி வைத்துவிட்டுப் போவாள். நான் இழை போடுவேன். எங்கள் இரண்டு வாசலுக்கும் பல வருஷமாக இதுதான் ஏற்பாடு. வண்டிகளுக்கு நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் இடம் கிடைக்கும். அதற்குள் போடுவோம்.

ஒரு நாள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. பொங்கலுக்கு முன்னால் மேலே இருந்து ஆபீசர் பார்வையிட வருகிறாராம். நாளைக்குக் கோடு போட வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் வண்டிகளை எடுக்காவிட்டால் பஞ்சாயத்தே எடுத்துக்கொண்டு போய்விடுமாம். எங்கள் மாடி ரூமில் இருக்கும் திருநெல்வேலிப் பையன் பதறிப் போய் வந்தான்.

"ஆச்சி, வண்டிய எங்கன கொண்டு போய் விடச் சொல்லுதாங்க?"

எனக்கெப்படித் தெரியும்? அவனே கண்டுபிடித்தான். ஏரி நடைபாதையில் விளக்கு இருக்கிறது, கேமரா இருக்கிறது, ஆள் இல்லை. பொழுது சாய்வதற்குள் தெருவில் இருந்த அத்தனை வண்டிகளும் அந்தச் சரிவு வழியாக ஏறி ஏரிக்கரைக்குப் போய்விட்டன.

எல்லோரும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓவர்சீயர் வந்து, நூல் பிடித்து அளந்து, எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி புள்ளியாக அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் பெயிண்ட் அடிக்கும் பிள்ளைகள் வந்து அதை நேராகச் சேர்த்துக் கோடு இழுக்க வேண்டும். இது எங்களில் யாருக்கும் தெரியாது.

விடியற்காலையில் கதவைத் திறந்தேன். தெரு காலியாக இருந்தது. இத்தனை அகலமான தெருவிலா குடியிருக்கிறோம் என்று இருந்தது. வாசலில் இருந்து குழாயடிப் பக்கம் வரைக்கும் வரிசையாகப் புள்ளி. அக்கா இன்றைக்கு முந்திக்கொண்டாள், தெரு காலியாக இருப்பதைப் பார்த்துத் தாராளமாக வைத்துவிட்டாள் என்று நினைத்து, நான் பாட்டுக்குச் சிக்குக் கோலம் போட ஆரம்பித்தேன். புள்ளியைச் சுற்றி வளைத்து, வளைத்து, கை நிற்கவே இல்லை. பாதித் தூரம் வந்தபோது அக்கா வெளியே வந்தாள்.

"இன்னாமே, புள்ளியும் நீயே வெச்சிட்டியா?"

"நீதானேக்கா வெச்ச?"

"நான் இப்பத்தான் பல்லே வெளக்குனேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, எங்களுக்கு அப்பால் குழாயடி வரைக்கும் மற்ற வீட்டுப் பெண்கள் குனிந்து இழை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், தெரு சேர்ந்து எடுத்த முடிவு தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது என்று ஆகிவிடுமே.

கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் டப்பாவோடு வடக்கே இருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். கோலத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். பெரியவன் ஓவர்சீயருக்குப் போன் போட்டான். அவர் எங்கேயோ வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார் போல, போனில் ஒரே காற்றுச் சத்தம்.

"சார், லைன் ரவுண்டு ரவுண்டா இருக்கு சார்."

"எப்படி இருக்கோ அப்படியே அடிச்சு முடிடா! நாளைக்கு ஆபீசர் வர்றார்!"

புள்ளி யார் வைத்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"கம்முனு இரு. ஒரு நாளைக்காவது உன் கூச்சம் யூஸ் ஆவட்டும்."

அந்தப் பிள்ளைகள் அடித்தார்கள். ஒரு வளைவு பிசகவில்லை. நான் கோணலாகப் போட்டிருந்த ஓர் இடத்தைக்கூட, அளவு போலிருக்கிறது என்று அப்படியே அடித்தார்கள்.

ஓவர்சீயர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யார் பார்த்த வேலை இது?"

தெரு முழுவதும் வானத்தைப் பார்த்தது. அக்கா மட்டும், "நீங்கதானே சார் புள்ளி வெச்சீங்கோ?" என்றாள்.

அழிக்க நேரமும் இல்லை, வேறு பெயிண்டும் இல்லை. மறுநாள் ஆபீசர் வந்தார். அவர் கோலத்தைப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், போனில் படம் எடுத்தார். "மக்கள் பங்களிப்போட செஞ்சிருக்கீங்க. யாரோட ஐடியா?" என்றார்.

"தலைவரோட ஐடியாதான் சார்" என்றார் தலைவரின் வீட்டுக்காரர்.

அன்றைக்குத்தான் தலைவர் அம்மாவின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். மைக் இல்லாததால் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

வண்டிகள் எங்கள் தெருப் பக்கம் திரும்பி வரவே இல்லை. நேர்க்கோடாகப் போட்டிருந்தால் அதன் மேலேயே நிறுத்தியிருப்பார்கள். 'வண்டி நிறுத்தாதீர்' பலகை இருக்கும் இடத்தில் பலகை மேல் ஹெல்மெட்டை மாட்டிவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள். "வேற இடம் கெடக்கே ஆச்சி, கோலத்து மேலயா வண்டிய ஏத்துறது?" என்றான் மாடி ரூம் பையன். பைக்குகள் ஏரி நடைபாதையிலேயே தங்கிவிட்டன. அங்கே நடக்க இடமில்லாமல் போன கம்பெனி ஆபீசர்கள் இப்போது மெயின் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு எங்கள் தெருவுக்கு வந்து நடக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் ஏரி நடைபாதையில் வண்டிகள் நிற்பதைப் பற்றிப் புகார் வந்தது. அங்கேயும் மஞ்சள் பெயிண்டில் கோலம் போடுவது என்று தீர்மானமாயிற்று. நானும் கையெழுத்துப் போட்டு மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரரைக் காலி வாசலைக் காட்டித்தான் இறக்கினேன். முதலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு. மஞ்சள் கோட்டிலிருந்து கால் விலகாமல் நடக்கிறார். பஞ்சாயத்து போட்ட கோடு, அதன்படிதான் நடப்பேன் என்று பிடிவாதம். அது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. அதனால் குழாயடிக்குப் போய் வருவதற்குள் நல்ல தூரம் ஆகிவிடுகிறது. போன முறை டாக்டர் பெண் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, இறுக்கம் விட்டிருக்கிறது, எங்கே நடக்க வைக்கிறீர்கள் என்று கேட்டாள். ரோட்டில்தான் என்றேன். அவள் நம்பவில்லை.

நேற்றுச் சாயங்காலம் குழாயடியில் கம்பெனி ஆபீசர்கள் வழி விட, இவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று என்னைப் பார்த்து முறைத்தார்.

"ஏன், நேரா ஒரு கோடு இழுத்திருந்தா இன்னா கொறஞ்சா பூடுவ?"

சொல்லிவிட்டு, வந்த கோட்டிலேயே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.