ஜெர்மனிக்கு நெய் போகாது

டிராவல்ஸ் நடத்துறவங்களுக்குத் தெரியும், டிக்கெட் போடுறது சுலபம், பயணியோட பெட்டியைத் திறக்க வைக்கிறதுதான் பேஜார். ஆரணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கடை போட்டு நான் படுற பாடு உங்களுக்கும் புதுசா இருக்காது. செல்வி அக்கா கதையை மட்டும் கேளுங்க.

பெட்டிக்குள்ள டப்பா

அக்கா வீட்ல பட்டுத்தறி ஓடுது. பொண்ணு ஜெர்மனியில, தலைப்பிரசவம். வீட்டுக்காரருக்குக் கல்யாண சீசன் ஆர்டர், அதனால அக்கா தனியாத்தான் கிளம்பணும். பெட்டியை எடை போட எங்க கடைக்கே தூக்கினு வந்தாங்க. திறந்து பார்த்தா, புடவைங்களுக்கு நடுவுல ஒரு பெரிய டப்பா நெய். கண்ணமங்கலத்துல தங்கச்சி வீட்டு மாட்டு வெண்ணெயை உருக்கினதாம்.

பால், நெய், கறி எதுவும் இங்கேருந்து அங்க கொண்டு போகக் கூடாதுக்கா, ஏர்போர்ட்லயே பிடுங்கிக் குப்பையில போட்டுடுவாங்க, அங்கயே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கலாம்னு சொன்னேன். அக்கா முகமே செத்துப்போச்சு. டப்பாவைத் தனியா எடுத்து வச்சாங்க.

"பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியச் சோத்துல ஊத்த நெய் இல்லாம, நான் இன்னாத்துக்குத் தம்பி அம்மான்னு போய் நிக்கிறது?"

ஞாயித்துக்கிழமை

சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்குற மாதிரி டிக்கெட். இறங்கினதும் ஜல்தியா வெண்ணெய் வாங்கிடுங்க, ஞாயித்துக்கிழமை அங்க கடை திறக்க மாட்டாங்க, வீட்லயும் இடிக்கிற சத்தம் தட்டுற சத்தம் கேட்கக் கூடாதுன்னேன். ஞாயித்துக்கிழமை வியாபாரத்தை விடுற ஊர் எப்படி உருப்படும்னு திருப்பிக் கேட்டாங்க. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. கடைசியில நம்ம ஊர்ல அமாவாசைக்குத் தறி ஓட்டாத பழக்கம் அக்காவுக்கு ஞாபகம் வந்துடுச்சு.

"அவங்களுக்கு வாரா வாரம் அமாவாசை. இதைச் சொல்லாம இன்னான்னமோ பேசிகினு இருக்கியே."

அன்னியிலேர்ந்து ஜெர்மனி போற எல்லாருக்கும் நானும் இதையேதான் சொல்றேன்.

காலிங் பெல்

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வீடியோ கால்ல வந்தாங்க. பேத்தி பொறந்து, தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தாச்சு. சனிக்கிழமையே வெண்ணெய் வாங்கி வச்சு, ஞாயித்துக்கிழமை காலையில கரண்டி சத்தம்கூட வராம உருக்கினாங்களாம். அப்படியும் காலிங் பெல் அடிச்சிருக்கு. கதவைத் திறந்தா கீழ் வீட்டு வெள்ளைக்கார அம்மா. அமாவாசையில தறி ஓட்டி மாட்டிக்கிட்ட மாதிரி அக்கா கரண்டியை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டாங்களாம்.

அந்தம்மா சண்டைக்கு வரல. மாடிப்படியெல்லாம் மணக்குதே, என்ன சமையல்னு கேட்க வந்திருக்காங்க. அக்கா அவங்களுக்கும் ஒரு கிண்ணம் நெய்ச்சோறு கொடுத்து அனுப்பியிருக்காங்க. பொண்ணு சாப்பிடுறதை எனக்கும் காட்டினாங்க, மனசு நிறைஞ்சுபோச்சு. அப்புறம் போனைக் கிட்டக்க கொண்டு வந்து மெதுவா கேட்டாங்க.

"தம்பி, இந்த ஊர் வெண்ணெய் நல்லாத்தான் கீது. வரும்போது ரெண்டு கிலோ எடுத்தாந்தா நம்ம ஏர்போர்ட்ல பிடுங்குவாங்களா?"

டிக்கெட் மாதிரியே, நெய்ப் பஞ்சாயத்தும் நமக்குப் போக வர ரெண்டுக்கும் உண்டுங்க.