ஆப்பிள் கன்னம்

போன வாரம் இங்கே மலையில், வெலிங்டனில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் நீலகிரித் தைல வாசனையோடு ஒரு தாய், மடியில் கம்பளிக் குல்லா போட்ட குழந்தை. இரண்டு கன்னமும் செக்கச்செவேல். பஸ்ஸே அதைக் கொஞ்சியது. எனக்கு மட்டும் அதன் கீழ் இமையை இழுத்துப் பார்க்கக் கை பரபரத்தது. தாய் என்ன நினைப்பாளோ என்று கையை மடக்கிக்கொண்டேன்.

தைலம் என்றாலே எனக்கு நர்சாக முதல் போஸ்டிங்தான் ஞாபகம். கோயம்புத்தூர்க்காரிக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு ஸ்வெட்டர், மேலே மஃப்ளர், மூக்கு நுனியில் தைலம். இந்தக் கோலத்தில்தான் குந்தா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்கப் போவேன். சோதிக்க வந்தவளே நோயாளி என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

அங்கே ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். யார் சாப்பிடாமல் வருகிறாள், யார் இருமுகிறாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்று ஏழாம் வகுப்பு மாலதியை என் முன்னால் நிறுத்தினார்.

"சிஸ்டர், இவ ஏத்தத்துல நின்னு நின்னு வர்றாளுங்க. கொஞ்சம் நல்லாப் பாருங்க."

எனக்கோ மூன்று மணி பஸ் அவசரம். "இவளுக்கென்னங்க டீச்சர்? கன்னத்தப் பாருங்க, ஆப்பிளாட்டம்!"

வகுப்பே சிரித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்த மாலதியும் வெட்கத்தில் சிரித்துவிட்டாள். நான் டிக் போட்டுவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன். ரத்தமில்லாத கன்னத்தையும் மலைக்குளிர் சிவக்க வைக்கும் என்பது இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரிந்திருக்கும். கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் ரத்தமில்லை என்று தெரிந்துவிடும்; அதை இழுத்துப் பார்க்க எத்தனை நொடி ஆகும், சொல்லுங்கள்?

அடுத்த முறை போனபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மாலதி போயிட்டாளுங்க சிஸ்டர். காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஒடம்புல ரத்தமே இல்லைன்னுட்டாங்க."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வழக்கம்போல டீ வரவழைத்துக் கொடுத்தார், நானும் குடித்தேன்.

அதன்பிறகு நான் இழுத்துப் பார்க்காத இமை இல்லை. மூன்று மணி பஸ்ஸை எத்தனையோ நாள் விட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. பிள்ளைகள் குறைந்துபோய் மூடிவிட்டார்கள். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் இருப்பவர்கள் புதிதாக வந்தவர்கள். மாலதியின் வீட்டாரும் கூடப் படித்தவர்களும் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்களாம். ஸ்டெல்லா டீச்சரும் காலமாகிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தவர் என்று இந்த மலையில் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். அவளைச் சரியாகப் பார்க்காதவளும் நான்தான்.